ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட் வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. இப்பதான் கஷ்டமா இருக்கு, ஏன்?

கோவைப்பையன்:
வந்த புதுசுல எல்லாமே பிடிச்சுது. வேலை முடிஞ்சா முடிஞ்சதுதான், யாரும் போன் பண்றதில்ல. இப்ப ஞாயித்துக்கிழமை வந்தாலே கடுப்பா இருக்கு. கடையெல்லாம் மூடி, தெருவே காலி. போன வாரம் என் பிறந்தநாள். டீம்ல ஒருத்தர்கூட கேக் வெட்டலாம்னு சொல்லல. அம்மாகிட்ட "செமையா கொண்டாடினோம்"னு புளுகிட்டேன். பேசாம ஊருக்கே திரும்பிடலாமான்னு தோணுது.

மியூனிக்மாமா:
தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல இருந்து மொதல்ல வெளிய வாங்க தம்பி. நம்மாளுங்களோடவே சுத்தினா எப்படி ஒட்டும்?

நெக்கார்க்கரை:
மாமா, அதை மட்டும் பண்ணச் சொல்லாதீங்க. கனடா உளவியலாளர் ஜான் பெர்ரி பல வருஷம் இதைத்தான் ஆராய்ஞ்சார். சொந்தப் பழக்கத்தை விடாம புது ஊரோடயும் கலந்துக்கறவங்கதான் பொதுவா நல்லா இருக்காங்க. ரெண்டுலயும் ஒட்டாதவங்க பாடுதான் திண்டாட்டம்.

தம்பி, கேக் விஷயம். இங்க பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவரணும்! ஆபீஸ் கிச்சன்ல வெச்சுட்டு எல்லாருக்கும் ஒரு மெயில் தட்டணும். நீங்க கொண்டுவரலன்னதும், உங்களுக்குக் கொண்டாட்டம் பிடிக்காது போலன்னு ஒதுங்கியிருப்பாங்க.

முதல் வருஷத்து மோகம் தெளியறதும் புதுசில்ல. அமெரிக்கா போய் வந்த 200 நார்வேக்காரங்களை வெச்சு லிஸ்கார்டுங்கறவர் 1955லயே எழுதினார்: ஆறு மாசத்துக்கும் ஒன்றரை வருஷத்துக்கும் நடுவுலதான் ரொம்ப சிரமம்னு. எல்லாருக்கும் அப்படியே நடக்கும்னு இல்ல, பின்னாடி வந்த ஆய்வுகள் பலதும் ஒத்துப்போகல. ஆனா தூக்கம், சாப்பாடு கெட்டுதுன்னா ஹவுஸ்ஆர்ட்ஸ்ட்டை, அதான் குடும்ப டாக்டரைப் பாருங்க.

ஆபீஸ்ல நட்பைத் தேடாதீங்க. இங்க பழக்கமெல்லாம் ஃபெராயின்ங்கற கிளப்புங்க வழியாத்தான், டேபிள் டென்னிஸோ மலை நடையோ ஏதோ ஒண்ணு. எங்க பில்டிங்ல கேர்வொஹெ, அதாவது சுத்தம் பண்ற வாரம், நம்ம முறை வந்தா கதவுக் கைப்பிடியில அட்டை தொங்கும், அந்த வாரம் மாடிப்படி நம்ம பொறுப்பு. நான் துடைச்ச படியோட மூலையைக் கீழ்வீட்டுப் பாட்டி விரலால தடவிப் பார்ப்பாங்க. மாமியார் தோத்தாங்க. அந்தப் படியிலயே நின்னு பேசிப் பேசித்தான் அவங்க பாடற கோரஸ் குழுவுல என்னையும் சேர்த்துவிட்டாங்க.

கோவைப்பையன்:
கேக் கதை சத்தியமா தெரியாதுக்கா. இப்ப லேட்டா கொண்டுபோனா தப்பா நினைப்பாங்களா?

நெக்கார்க்கரை:
லேட்டாக் கொண்டுபோறதெல்லாம் சகஜம். பிறந்தநாளுக்கு முன்னாடி வாழ்த்தறதுதான் இங்க ராசியில்ல. கேசரி கிண்டறதா இருந்தா நெய்யும் முந்திரியும் இருக்குன்னு ஒரு சீட்டு எழுதி வைங்க.