அந்தக் கடைசி வரியை எழுதியது யார்?

தக்கலைக்காரன்:
பழைய அஞ்சலட்டைகளில் "நலம், நலமறிய அவா" என்பதைத் தவிர வேறொன்றும் கிடையாது, ஊரே படிக்கும் அட்டையில் எவரும் மனத்தைத் திறக்க மாட்டார்கள் என்று தோவாளை அண்ணாச்சி எழுதியதைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் ஆச்சி 1958இல், மதுரையில் வேலை பார்த்த தாத்தாவுக்கு அனுப்பிய அட்டை என்னிடம் இருக்கிறது. பிள்ளையார் சுழிக்குக் கீழே நலம் விசாரிப்பு இரண்டே வரிதான். பிறகு, கன்னிப்பூ நெல் போகத்தில் சாவி (பதர்) அதிகம், அடுத்த போகமான கும்பப்பூவுக்கு விதைநெல் கடன் வாங்கியாயிற்று, தென்னைக்கு உப்பு வைத்தாயிற்று, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டது என்று ஒரு வீட்டின் நடப்பு முழுவதும் வருகிறது. இவையெல்லாம் கொழுந்தனார் கையெழுத்து. இடம் தீர்ந்தபின், ஓரத்தில் தலைகீழாக, "கைவலி குறையவில்லை, அத்தையிடம் சொல்லவில்லை" என்று ஒரு வரி. அதை எழுதியவர் ஆச்சி.

தோவாளை வாசகன்:
ஆச்சி எழுதினார் என்பதற்கு என்ன ஆதாரம்? அட்டை முழுவதையும் எழுதியவரே அந்த வரியையும் எழுதியிருப்பார். அந்நாளில் பெண்கள் சொல்ல, எழுத்தறிந்த ஆண்கள் எழுதினார்கள். எழுதியவர் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்பதை அட்டை நமக்குச் சொல்லாது.

தக்கலைக்காரன்:
ஆதாரம் அட்டையிலேயே இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் தும்பிக்கைபோல் வளைவு வைத்த "லை"யைக் கொழுந்தனார் ஒரே இழுப்பில் வளைத்து எழுதியிருக்கிறார். கடைசி வரியிலோ "லை" வரும் இரண்டு இடத்திலும் தும்பிக்கை தனியாக ஒட்ட வைத்ததுபோல் நிற்கிறது. மேலும், திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தது 1817இல். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எழுதத் தெரியாது என்று எங்களுக்கே பாடம் எடுக்க வேண்டாம்.

குழித்துறை சேகரிப்பாளர்:
திருவிதாங்கூர் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1951இல் இந்திய அஞ்சல் துறையுடன் இணையும்வரை நமக்கென்று தனி அஞ்சல் இருந்தது. மலையாளக் கொல்லம் ஆண்டில் தேதியிட்ட, சங்கு முத்திரை பதித்த அட்டைகளை நான் இங்கே காட்டியபோது, "பழைய பேப்பர் கடைச் சரக்கு" என்றவர் இதே தோவாளை நண்பர்தான். அதற்கு முதலில் பதில் வேண்டும்.

தோவாளை வாசகன்:
சங்கையும் ராணியையும் கொண்டு வந்தால் கையெழுத்து மாறிவிடாது. வெளியூர் வேலைக்குப் போனவரின் வீட்டு மருமகள் தன் வலியை அட்டையில் எழுத, அதைக் கொழுந்தனாரே தபால் பெட்டியில் போட்டார் என்றால், அது என்ன ரகசியம்?

கோட்டாறு மாணவி:
ஒன்றை இருவரும் விட்டுவிட்டீர்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அட்டைகளைக் கம்பியில் குத்தி வைத்தார்கள். சாவுச் செய்தி வந்த அட்டையைப் படித்ததும் கிழித்தெறிந்தார்கள். ஆகவே நமக்குக் கிடைப்பவற்றில் துக்கம் குறைவாகத்தான் இருக்கும். அதை வைத்து அன்றைய வாழ்க்கையை அளக்கக் கூடாது.

தக்கலைக்காரன்:
தங்கையே, அது வேறு பேச்சு. என் கேள்வி அந்தக் கடைசி வரியைப் பற்றியது. அட்டையைப் பெட்டியில் போட்டவர் கொழுந்தனார் என்று நான் எங்கே எழுதினேன்? அவர் எழுதி வைத்துப் போனபின் ஆச்சி அதை எடுத்திருக்கிறார். இல்லையென்றால் ஏன் தலைகீழாக இருக்கிறது? ஏன் மை வேறு நிறம்?

தோவாளை வாசகன்:
மை வேறு நிறம் என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். முதல் பதிவில் ஏன் இல்லை?

தக்கலைக்காரன்:
கேட்கவில்லை, சொல்லவில்லை. "லை"க்குப் பதில் சொல்லுங்கள்.

குழித்துறை சேகரிப்பாளர்:
சங்கு முத்திரைக்கும் பதில் வரவில்லை.