எப்காட்ல ஒரு நாள், அத்தை மாமா சுத்த சைவம், பசங்களுக்கு எல்லா நாட்டு சாப்பாடும் ருசி பாக்கணும், எப்படி பிளான் பண்றது?

ராலே அம்மா:
வணக்கம் மக்களே. அக்டோபர்ல அத்தையும் மாமாவும் திருச்சில இருந்து வர்றாங்க, ஆர்லாண்டோ கூட்டிட்டு போறோம். டிஸ்னில ஒரே ஒரு பார்க்குக்குத்தான் பட்ஜெட், அதனால எப்காட்னு முடிவாச்சு, ஏன்னா ஏரியைச் சுத்தி மெக்சிகோ, நார்வே, சைனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், இங்கிலாந்து, கனடான்னு 11 நாட்டு பெவிலியன், அதாவது அந்தந்த நாட்டு பாணில கட்டின பகுதி இருக்கு, அந்த நேரத்துல ஃபுட் அண்ட் வைன் ஃபெஸ்டிவலும் நடக்கும்ங்கறாங்க. பொண்ணுக்கு 11 வயசு, இப்பவே லிஸ்ட் எழுதி வச்சிருக்கா. பையனுக்கு 6. என் வீட்டுக்காரர் எதையும் சாப்பிடுவார். அத்தை மாமா முட்டை கூட தொடமாட்டாங்க, மாமாக்கு சுகர் வேற, நேரத்துக்கு சாப்பிட்டே ஆகணும். நாங்க தின்னுட்டு இருக்கும்போது அவங்க ரெண்டு பேரும் பெஞ்சுல உக்காந்து பேக்கைப் பாத்துக்கற மாதிரி ஆகக்கூடாது, அதான் எனக்கு முக்கியம். அவங்களுக்கும் இது ஒரு நல்ல நாளா இருக்கணும். போயிட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஆர்லாண்டோ வாசி:
நல்ல சாய்ஸ் சிஸ். நாங்க பக்கத்துலயே இருக்கறதால அடிக்கடி போவோம், எங்க வீட்லயும் முட்டை சாப்பிடாதவங்க இருக்காங்க. முதல்ல ஒண்ணு, மெனுல பச்சை இலை படம் போட்டிருந்தா அது முழுக்க தாவர உணவு, முட்டையும் இல்ல பாலும் இல்ல, அத்தை மாமாக்கு கண்ண மூடிட்டு வாங்கலாம். வெறும் வெஜிடேரியன்னு சொன்னா முட்டை வந்துரும், அதனால இலை இல்லாத எதுக்கும் கவுன்டர்ல "முட்டை இருக்கா, சிக்கன் ஸ்டாக் இருக்கா"ன்னு நேரா கேளுங்க, ஸ்டாக்னா கோழி வேக வச்ச சாறு. கேட்டா சலிச்சுக்க மாட்டாங்க, தெரியலன்னா உள்ள போய் கேட்டுட்டு வந்து சொல்வாங்க.

பாக்க சைவம் மாதிரி இருந்து ஏமாத்தற ஐட்டம் சிலது இருக்கு. கனடாவோட செடார் சீஸ் சூப் ரொம்ப ஃபேமஸ், ஆனா அதுல பேக்கன்ங்கற பன்றிக்கறி, சிக்கன் ஸ்டாக், பீர் எல்லாம் போடற ரெசிபி. நார்வே பேக்கரில ஸ்கூல் பிரெட்னு ஒரு பன், ஏலக்காய் வாசனையும் மேல வறுத்த தேங்காய்த்துருவலுமா நம்ம ஊர் ஆளுக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா நடுவுல கஸ்டர்ட், முட்டை உண்டு, அது பசங்களுக்கு மட்டும். இங்கிலாந்துல ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைல சிப்ஸ் மட்டும் வாங்கறதுன்னாலும் மீன் பொரிச்ச அதே எண்ணெயான்னு கேட்டுட்டு வாங்குங்க.

அத்தை மாமாக்கு ஏத்ததுன்னா மெக்சிகோல சிப்ஸோட குவாக்கமோலி, அதாவது அவகாடோ மசியல், ஜப்பான்ல காக்கிகோரி, அதாவது பூ மாதிரி சீவின ஐஸ்ல சிரப் ஊத்தினது, பிரான்ஸ் ஐஸ்க்ரீம் கடைல சர்பே, அதாவது பால் இல்லாத பழ ஐஸ். ஜெர்மனில கேரமல் கடை இருக்கு, அந்த பாப்கார்ன் வாசனை தெருமுனைலயே இழுக்கும். மாமாக்கு இதெல்லாம் ஒரு வாய்தான் கொடுக்க முடியும், அது உங்களுக்கே தெரியும்.

ஃபெஸ்டிவல் கடைல ஒரு தட்டு பெரும்பாலும் 5ல இருந்து 10 டாலர், நாலு வாய் தான் இருக்கும். ஆளுக்கொண்ணு வாங்காதீங்க, ஒரு தட்டு வாங்கி எல்லாரும் பங்கு போடுங்க, அப்பத்தான் நிறைய நாடு ருசி பாக்க முடியும் காசும் நிக்கும்.

டல்லாஸ் தம்பி:
மேல சொன்னதெல்லாம் சரி ஆனா சுகர் இருக்கறவருக்கு கடையை நம்பி போகாதீங்க அக்கா. வெளி சாப்பாடு உள்ள கொண்டு போகலாம், கண்ணாடி பாட்டிலும் சாராயமும் தான் கூடாது, கூலர்ல உதிரி ஐஸ் போடக்கூடாது, ஐஸ் பேக் ஓகே. எங்கம்மா சப்பாத்தியும் தயிர்சாதமும் கட்டிட்டு வந்தாங்க, மதியம் நிழல்ல உக்காந்து அதையே சாப்பிட்டோம், யாரும் ஒண்ணும் சொல்லல. கவுன்டர் கடைல குடிக்க ஐஸ் வாட்டர் கேட்டா ஃப்ரீயா தருவாங்க.

இன்னொண்ணு, வெள்ளி சாயங்காலம், சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு நாட்டுலயும் ஒரு கிளாஸ்னு குடிச்சுட்டே சுத்தற கூட்டம் அன்னைக்குத்தான் வரும், பெரியவங்களோட நடக்கவே கஷ்டம். செவ்வாய் புதன்ல போங்க.

கோவைப் பாட்டி:
நான் உன் அத்தை வயசுக்காரிம்மா, போன வருஷம் மகன் வீட்டுக்குப் போனப்ப இதே இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நீ இப்படி யோசிக்கறதே எனக்கு சந்தோஷமா இருக்கு. தம்பி சொன்ன மாதிரி சாப்பாடு கட்டிட்டுப் போ கண்ணு, ஆனா காலைலயே அதைக் கொடுத்து வயித்த நிரப்பிடாதே, அப்புறம் நாங்க எதையும் வேண்டாம்னுதான் சொல்லுவோம். எங்க வயசுல கேட்டா வேண்டாம்னு சொல்றது பழக்கம், நீ கேக்காம ஒரு ஸ்பூனைக் கைல கொடு. ஜப்பான் ஐஸை என் பேரன் அப்படித்தான் கொடுத்தான், பாதி நானே சாப்பிட்டேன்.

சாப்பாட்டை விட எனக்குப் பிடிச்சது அங்க வேலை பாக்கற பிள்ளைங்க. சட்டைல பேரோட சொந்த ஊரும் எழுதியிருக்கும். எந்த ஊரு, அப்பா அம்மா என்ன பண்றாங்கன்னு மருமகளைக் கேக்கச் சொன்னேன், எவ்வளவு ஆசையா பேசுனாங்க. உங்க மாமாவைப் பேச விடு, நேரம் போறதே தெரியாது. மொராக்கோல நின்னு அந்த ஓட்டு வேலையைப் பாருங்க, அந்த நாட்டு ராஜாவே தன் கைவினைக்காரங்களை அனுப்பிச் செஞ்சதாம். வெயில் ஏறிட்டா அமெரிக்கா பெவிலியன் உள்ள ஏசில அரை மணி ஷோ இருக்கு, கால் நீட்டி உக்காரலாம்.

ராலே அம்மா:
பாட்டி, உங்க பதிலை வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன், ரொம்ப நன்றி. புதன்கிழமைன்னு மாத்திட்டோம். மதியம் 1 மணிக்கு மாமாக்கு சப்பாத்தி, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பங்கு போட்டு ருசி. அத்தைக்கு முட்டி வலி, சுத்து எவ்வளவு தூரம் வரும்? வீல்சேர் முன்னாடியே புக் பண்ணணுமா?

ஆர்லாண்டோ வாசி:
ஏரியைச் சுத்தி மட்டும் கிட்டத்தட்ட 1.2 மைல், கடை கடையா நின்னா இன்னும் கூடும். பார்க் வாடகை வீல்சேருக்கு முன்பதிவு கிடையாது, முதல்ல வர்றவங்களுக்கு முதல்ல, அதனால காலைலயே போயிடுங்க. மெயின் கேட்லயும் கிடைக்கும், பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவுல இருக்கற இன்டர்நேஷனல் கேட்வேங்கற இன்னொரு வாசல்லயும் கிடைக்கும். பெவிலியன் பக்கம் பொதுவா 11 மணிக்குத்தான் திறக்கும், அதுக்கு முன்னாடி மெயின் கேட் பக்கம் லிவிங் வித் த லேண்ட் போட்ல அத்தை மாமாவை ஏத்துங்க, உள்ளயே கிரீன்ஹவுஸ்ல காய்கறி வளர்க்கறத உக்காந்துட்டே பாக்கலாம். பாதி வழில அத்தை டயர்டானா ஏரியைக் கடக்க படகு இருக்கு, அதுக்குத் தனி டிக்கெட் வேண்டாம்.