மறு: ஜிம்பலுக்கு ஒரு சொல்லா, இரண்டா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவிகளான ஜிம்பல், ஸ்டெடிகேம் இவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சுக்கு என் பதில் இது.

> ஜிம்பல், ஸ்டெடிகேம் இரண்டுக்கும் ‘நிலைநிறுத்தி’ போதும். செய்வது ஒரே வேலைதானே.

இல்லை ஐயா, வேலை வேறு. பனிச்சறுக்கைப் படமெடுக்கும்போது இது பளிச்சென்று தெரியும். சறுக்குபவருக்குப் பின்னாலேயே கேமராக்காரரும் ஸ்கீ மாட்டிக்கொண்டு இறங்குகிறார். வளைந்து திரும்பும்போது உடலோடு கேமராவும் சாய, அடிவானம் கோணலாகிவிடும். பனிமேட்டில் ஏறி இறங்கினால் கேமரா மேலும் கீழும் தூக்கிப்போடும். இவை இரண்டும் தனித்தனித் தொல்லை.

மூன்று அச்சு ஜிம்பல் முதல் தொல்லையைத்தான் தீர்க்கும். கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணரி (சென்சார்) சொன்னதும், மோட்டார் அதே அளவு எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். கேமரா அப்படியே ஒரு சாண் இறங்கி எழுந்தால் ஜிம்பலால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு ஸ்பிரிங் வைத்த கை வேண்டும். காரெட் பிரவுன் 1970களில் உருவாக்கிய ஸ்டெடிகேமில் அந்தக் கை உண்டு. அது இல்லாத இடத்தில் முழங்கால்தான் ஸ்பிரிங். 1969இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு வில்லி போக்னர் பின்பக்கமாகச் சறுக்கியபடியே கேமராவைக் கையில் பிடித்து எடுத்தார். ஒலிம்பிக்கில் சறுக்கியவர், அவர் காலுக்கு அது வந்தது.

எங்களுக்குப் பனி ஏது, ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயம்தான். பொள்ளாச்சிப் பக்கம் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து வண்டியோடு ஓடவிட்டு எடுக்கிற பையன்கள், “ஜிம்பல் இருந்தும் படம் ஏன்ணா குதிக்குது?” என்று கேட்கிறார்கள். ‘நிலைநிறுத்தி’ என்று பெயர் வைத்தால் இந்தக் குழப்பத்தை நாமே வளர்த்துவிடுகிறோம்.

என் பரிந்துரை: ஜிம்பலுக்குச் சாய்வடக்கி, ஸ்பிரிங் கைக்குக் குலுக்கடக்கி.

> பொதுவாக ‘ஆட்டமடக்கி’ என்று வைக்கலாமே?

தாராளமாக. இரண்டுக்கும் மேலே பொதுச்சொல்லாக அது நிற்கட்டும். ஆட்டம் மலையாளத்திலும் ஆட்டம்தான், எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஃபோனுக்குள் மென்பொருளே செய்வதை ஆட்டமடக்கம் என்று சொல்லலாம். அங்கே தனிக் கருவி இல்லை, படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டு படச்சட்டத்தை நகர்த்துகிறது, அவ்வளவுதான்.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. ஜிம்பலின் மூன்று அச்சில் முன்பின் சாய்வும் பக்கச் சாய்வும் சரி, மூன்றாவது இடவலத் திருப்பம். அதைச் சாய்வு என்று சொல்ல முடியாது. ஆனால் சறுக்குபவரையோ காளையையோ துரத்தி எடுக்கும்போது அந்த அச்சை முழுக்க அடக்குவதில்லை, நம் கை திரும்பும் பக்கம் மெல்லத் தொடரவே விடுகிறோம். அதனால் சாய்வடக்கி தாங்கும் என்றே நினைக்கிறேன். இதை மறுப்பவர்கள் எழுதுங்கள், அதுவரை இணைய அகராதியான விக்சனரியில் ஏற்ற வேண்டாம்.