"கருவி மாறி" வேண்டாம். "நெம்பு மாறி" எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

ஒன்று இன்னொன்றுக்குக் காரணமா என்று தரவில் கண்டறிய, வெளியிலிருந்து துணைக்குக் கொண்டுவரும் மூன்றாவது அளவைப் புள்ளியியலில் 'இன்ஸ்ட்ருமெண்டல் வேரியபிள்' என்பார்கள். அதற்குக் 'கருவி மாறி' போதும் என்று நம் கலைச்சொல் குழுவில் அக்கா நேற்று எழுதியிருந்தார். வேரியபிளுக்குப் பாடநூல்களில் 'மாறி' நிலைத்துவிட்டது, அதில் கை வைக்க வேண்டாம். எனக்கு உறுத்துவது 'கருவி'தான். "உதவிக்குக் கருவி மாறி மக்கள்தொகை" என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். யாரோ கருவியை மாற்றிவிட்டார்கள் என்றுதான் காதில் விழும். சேர்த்து எழுதினால் சரியாகிவிடும் என்கிறார் அக்கா. எழுத்தில் சரி, வகுப்பில் பேசும்போது என்ன செய்வது?

அதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்பதே அதில் தெரியவில்லை. நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையையே எடுத்துக்கொள்கிறேன்: வெளிநாட்டு உதவியால் ஏழை நாடுகளின் பொருளாதாரம் வளர்கிறதா? உதவி எவ்வளவு, வளர்ச்சி எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 1984இல் எத்தியோப்பியாவில் பஞ்சம். அதனால்தான் உதவி குவிந்தது. கணக்கில் மட்டும் பார்த்தால் உதவி வந்ததால் நாடு நொடித்தது போல இருக்கும். ஆகவே உதவியை வெளியிலிருந்து அசைக்கிற, ஆனால் வளர்ச்சியை நேராகத் தொடாத ஒன்று வேண்டும். அதற்குத்தான் இந்த மாறி.

போன மாதம் எங்கள் வீட்டுப் பழைய ஆட்டுக்கல்லைக் கடப்பாரை போட்டு நெம்பி நகர்த்தினோம். சுவரில் விரிசல். கல் உருண்டு மோதியதால் விரிசலா, கடப்பாரையின் மறுமுனை இடித்ததாலா என்று கொத்தனாரும் நானும் அரை மணி நேரம் வாதாடினோம். கோல் கல்லை மட்டும் தொட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கோல்தான் மாறி, கல்தான் உதவி, சுவர்தான் வளர்ச்சி. அதனால்தான் 'நெம்பு மாறி' என்கிறேன். நெம்புகோல் பள்ளிக்கூடத்திலேயே படித்த சொல், புதிதாக விளக்க வேண்டியதில்லை.

பொருளாதார அறிஞர்கள் ரகுராம் ராஜனும் அரவிந்த் சுப்ரமணியனும் உதவியும் வளர்ச்சியும் பற்றி 2008இல் வெளியிட்ட ஆய்வை இந்தச் சொல்லோடு படித்துப் பாருங்கள். (பின்னால் 2021இல் இருவரும் தமிழக முதல்வரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் இருந்தார்கள்.) பழைய காலனி உறவு, பொது மொழி, உதவி தரும் நாட்டோடு ஒப்பிட்டால் பெறும் நாட்டின் மக்கள்தொகை எவ்வளவு என்பவற்றைக் கொண்டு, எந்த நாட்டுக்கு எவ்வளவு உதவி போயிருக்கும் என்று முதலில் கணித்தார்கள். அந்தக் கணிப்புதான் அவர்களுடைய நெம்பு. உதவி வளர்ச்சியைக் கூட்டியது என்பதற்கோ குறைத்தது என்பதற்கோ உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று முடித்தார்கள்.

2013இல் பாஸி, கிளமென்ஸ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அந்த நெம்பைப் பிரித்துப் பார்த்தார்கள். அதன் வலு பெரும்பாலும் மக்கள்தொகையிலிருந்தே வந்தது. நாடு சிறியது பெரியது என்பது உதவியை மட்டுமா அசைக்கிறது? வணிகத்தையும் அசைக்கும், வணிகம் வளர்ச்சியை அசைக்கும். கடப்பாரை சுவரில் முட்டிவிட்டது. அவர்கள் கட்டுரைத் தலைப்பிலேயே மழுங்கிய கருவிகள் என்று ஒரு சிலேடை உண்டு. என் சொல்லை எடுத்துக்கொண்டால் அந்தச் சிலேடை தமிழில் போய்விடும். பரவாயில்லை.

இதே சொல்லுக்குப் 'புற மாறி' என்று குழுவில் ஐயா முன்மொழிந்ததற்கும் ஒரு மறுப்பு. வெளியே இருப்பது வேறு, உதவி வழியாக மட்டும் வந்து சேர்வது வேறு. பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் 2010இல் அழுத்திச் சொன்னது இதைத்தான். மக்கள்தொகையும் உதவிக்கு வெளியே இருப்பதுதான், ஆனாலும் அது தேறவில்லை. 'புற' என்று பெயர் வைத்தால் அந்தக் குழப்பத்தை நாமே சொல்லுக்குள் தைத்துவிடுவோம்.

அப்புறம், 'எக்ஸ்க்ளூஷன் ரெஸ்ட்ரிக்ஷன்'. நம் கலைச்சொல் பட்டியலில் 'விலக்கல் கட்டுப்பாடு' என்று இருக்கிறது. மதுவிலக்குத் துறை அறிவிப்பு மாதிரி இல்லை? 'ஒருவழி நிபந்தனை' என்றால் ஒருவழிப் பாதை நினைவுக்கு வந்து, திசையைப் பற்றிய பேச்சாகிவிடும். 'ஒரேவழி நிபந்தனை' என்று வைக்கலாம்: நெம்பு மாறியின் விளைவு உதவி என்ற ஒரே வழியாக மட்டும் வளர்ச்சிக்குப் போக வேண்டும். கல் அசைந்ததா என்பதைத் தரவில் அளந்துவிடலாம். ஒரே ஒரு கோல்தான் கையில் இருக்கிறது என்றால், அது சுவரைத் தொடவில்லை என்பதை எந்த எண்ணும் காட்டாது. அதை வாதாடித்தான் நிறுவ வேண்டும்.

2017இல் கலியானியும் மூவரும் எழுதிய ஆய்வு இந்த நிபந்தனைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக வருகிறது. உலக வங்கியின் சலுகைக் கடன் பிரிவு ஒரு வருமான வரம்பு வைத்திருக்கிறது. 1987 முதல் 2010 வரை அதைத் தாண்டிய 35 நாடுகளை எடுத்துக்கொண்டார்கள். வரம்பைத் தாண்டியதுதான் இங்கே நெம்பு. வரம்பைத் தாண்டிய பின், தேசிய வருமானத்தில் உதவியின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. உதவி தேசிய வருமானத்தில் 1 சதவீதம் கூடினால் வளர்ச்சி ஏறக்குறைய 0.35 சதவீதப் புள்ளி கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். நல்ல விளைச்சலோ ஏற்றுமதி விலையோ தூக்கிவிட்டு வரம்பைத் தாண்டிய நாடு, அடுத்த வருடம் உதவி குறையாவிட்டாலும் மெதுவாகத்தானே போகும்? அவர்களும் இதை யோசித்துச் சில சோதனைகள் செய்திருக்கிறார்கள். ஆனாலும் கோலின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

கல்லைச் சரியாக அசைக்காத கோலுக்கு, அதாவது 'வீக் இன்ஸ்ட்ருமெண்ட்' என்பதற்கு, 'வளையும் நெம்பு' என்று எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் விளையாட்டாக இருக்கிறது. 'வலுவற்ற நெம்பு மாறி' என்றால் நீளம். இதற்கு யாராவது நல்ல சொல் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்றையும் சேர்த்துப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.