ஏஜென்சியா, தனியாவா? ஹோம் நர்ஸ் வேலைக்குக் கிளம்புற தங்கச்சிக்கு

கருங்கல், ஹோம் நர்ஸ்:

ஹோம் நர்ஸ் வேலைக்கு ஏஜென்சி வழியாப் போகவா, தனியாப் போகவான்னு குழித்துறைத் தங்கச்சி கேட்டதுக்கு ரெண்டு வரியில பதில் சொல்ல முடியாது. எனக்கு நடந்ததை அப்படியே எழுதுறேன். இந்த வேலையில எனக்கு இது பதினோராவது வருஷம்.

முதல்ல போனது ஏஜென்சி வழியாத்தான். நர்சிங் அசிஸ்டென்ட் கோர்ஸ் முடிச்ச கையோட மார்த்தாண்டத்துல ஒரு ஆபீஸ்ல பேரைப் பதிஞ்சேன். மூணாம் நாள் களியக்காவிளையில பஸ் ஏறி திருவனந்தபுரம் போயாச்சு. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா கிடந்த ஒரு அம்மச்சி. மூக்கு வழியா டியூப்ல ஆகாரம், யூரின் பேக், ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும். நான் நின்ன அத்தனை மாசமும் அவங்க முதுகுல ஒரு புண் வரல. அதை இன்னைக்கும் பெருமையாச் சொல்வேன்.

என் கைக்கு மாசம் 16,000 வந்துது. ஒரு நாள் மருமக எதையோ தேடி டிராயரைக் கவிழ்த்தப்போ ஏஜென்சி ரசீது கீழே விழுந்தது. வீட்டுக்காரங்க கட்டினது 22,000. பொறுக்கிக் கொடுத்தேன், ஒண்ணும் பேசல. அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மச்சியத் திருப்பிப் போடும்போது அந்த ஆறாயிரந்தான் மனசுல கிடந்து ஓடிச்சு.

கொஞ்ச நாள்ல மருமகளே சொன்னாங்க, "மோளே, ஏஜென்சி வேண்டாம், நீ நேரா நில்லு, 20,000 தாறோம்." நான் நிக்கல. ஏஜென்சி அனுப்பின வீட்டுல நேரடியாச் சேர மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த வீட்டைக் காட்டித் தந்ததும் அவங்கதானே. டியூட்டி முடிஞ்சு வேற வீட்டுக்குத்தான் தனியாப் போனேன்.

நாகர்கோவில்ல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீடு. அவர்தான் பேஷண்ட். 20,000 முழுசா கையில. ரெண்டாம் மாசம் அவரோட வீட்டம்மா, "மக்களே, இன்னைக்கு வேலைக்கு ஆள் வரல்ல, பாத்திரத்தை மட்டும் ஒண்ணு கழுவிப் போடு"ன்னாங்க. ஒரு நாள்தானேன்னு செஞ்சேன். பொறவு சமையல். பொறவு பேரப்பிள்ளைங்க யூனிஃபார்ம். ஏஜென்சியில நின்னப்போ "ஆபீஸ்ல கேட்டுட்டுச் சொல்றேன்"னு ஒரு வார்த்தை போதும், பேச்சு அதோட நின்னுரும். தனியா நிக்கும்போது முடியாதுங்கிறதை, சம்பளம் தர்றவங்க முகத்தைப் பார்த்து நம்ம வாயாலயே சொல்லணும். அந்தத் தைரியம் வர எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

அந்த ஐப்பசி மழையில, ஒரு விடியக்காலம் சார் போயிட்டாங்க. கடைசியா உதட்டுல தண்ணி தொட்டு வச்சது நான்தான். மறுநாள் பையோட வடசேரி பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். அழுகையும் வருது, அடுத்த சீட்டுப் பணத்துக்கு எங்க போகன்னும் ஓடுது. 43 நாள் வேலை கிடைக்கல. ஏஜென்சியில இருந்திருந்தா நாலு நாள்ல வேற வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.

வீட்டுல இருந்து கணக்குப் போட்டேன். தனியா நின்னதுல மாசம் 4,000 கூட, வருஷத்துக்கு 48,000. சும்மா இருந்த 43 நாள்ல போனது 28,000-க்கு மேல. அப்பவும் தனியா நின்னதுலதான் மிச்சம். ஆனா அந்த 4,000-த்தை மாசாமாசம் நான் எடுத்து வைக்கல, வந்ததை வந்தபடி செலவாக்கிட்டேன். இப்போ அதுக்குன்னு தனியா ஒரு அக்கவுண்ட் வச்சிருக்கேன்.

இப்போ ஒரு வீட்டுல ஏறும்போதே தாள்ல எழுதிக் கொடுத்துருவேன். பேஷண்டோட வேலை மட்டும், மாசம் ரெண்டு நாள் லீவு, ராத்திரி உறக்கம் கெட்டா பகல்ல மூணு மணிக்கூர் உறங்க விடணும், பேஷண்ட் இறந்துட்டா 15 நாள் சம்பளம். முகம் சுளிச்ச வீடும் உண்டு. அங்க நான் போகல. இன்னொண்ணு, ஒரு நோட்டு. எத்தனை மணிக்குத் திருப்பினேன், எவ்வளவு ஆகாரம் போச்சு, யூரின் எவ்வளவு வந்துது, எல்லாம் எழுதுவேன். அடுத்த வீட்டுக்காரங்க யார்கிட்டயும் விசாரிக்க வேண்டாம், அந்த நோட்டைப் பார்த்தாலே போதும்.

தக்கலை, எலக்ட்ரீசியன்:

அக்கா எழுதியதைப் படித்ததும் என் கதை ஞாபகம் வந்தது. 2018-ல் ஏஜென்ட் வழியாக வளைகுடா போனேன். 1,10,000 கொடுத்தேன், ரசீது கிடையாது. பதிவு பெற்ற ஏஜென்ட் நம்மிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. அவருக்குப் பதிவு இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. ஊரில் கையெழுத்துப் போட்ட தாளில் எலக்ட்ரீசியன், அங்கே இறங்கியதும் நீட்டிய தாளில் ஹெல்பர். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது சொந்த வேலை. நிம்மதிதான், ஆனால் காசு வரும் வழி வேறு. ஒரு வீட்டில் பால் காய்ச்சி, பந்தி போட்டு, ஊரையே கூப்பிட்டார்கள். எனக்கும் பிளம்பருக்கும் பாக்கி வர ஏழு மாதம் ஆனது. அதிலிருந்து சுவர் வெட்டி பைப் போட்டதும் ஒரு பங்கு, வயர் இழுத்ததும் ஒரு பங்கு, சுவிட்ச் மாட்டும் முன் மீதி. சொந்தக்காரர் வீடாக இருந்தாலும் இதுதான். மாமா ஒருவர் இதனால் இன்னும் பேசுவதில்லை.

நாகர்கோவில், ஆஸ்பத்திரி ஹவுஸ்கீப்பிங்:

ஏஜென்சின்னாலே நஷ்டம்னு ஆகிடக் கூடாதுன்னு எழுதுறேன். நானும் காண்ட்ராக்ட் கம்பெனி ஆள்தான். எங்களுக்கு பி.எஃப்.ங்கிற வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ.ங்கிற தொழிலாளர் காப்பீடு ரெண்டும் உண்டு. சம்பளம் 21,000 வரைக்கும் உள்ளவங்களுக்கு ஈ.எஸ்.ஐ.; நம்ம பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. மோளைப் பெத்தப்போ 26 வாரம் வீட்டுல இருந்தேன், பணம் அக்கவுண்டுக்கு வந்துது. அதுக்கு முன்னால 70 நாள் சந்தா கட்டியிருக்கணும், எனக்கு இருந்தது. சேர்ந்த மாசமே பி.எஃப்.-க்கான யு.ஏ.என். நம்பரைக் கேட்டு வாங்குங்க, பிடிச்ச பணம் ஏறுதான்னு போன்லயே பாருங்க.

கருங்கல், ஹோம் நர்ஸ்:

நாகர்கோவில் தங்கச்சி சொன்னதுதான் முக்கியமான வித்தியாசம். அவங்க கம்பெனி முதலாளியா நிக்குது. எங்க ஏஜென்சிகிட்ட பி.எஃப். கேட்டப்போ, "நீங்க எங்க ஸ்டாஃப் இல்லை, எங்ககிட்டப் பேரைப் பதிஞ்ச ஆள்"னு சொன்னாங்க. அப்படின்னா மாசம் 6,000 கொடுத்தும் நான் தனி ஆளாத்தான் நின்னிருக்கேன். எனக்கு அது புரிய நாலு வருஷம் ஆச்சு. குழித்துறைத் தங்கச்சி சேரும் முன்னாடி இதைக் கேட்டே ஆகணும்.

தனியா நிக்கறதுல எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது ஆள் மாத்தி விட ஆள் இல்லாததுதான். பிள்ளைக்குக் காய்ச்சல்னு போன் வந்தும் பேஷண்டை விட்டுட்டு வர முடியாம நின்ன ராத்திரியை மறக்க முடியாது. இப்போ கருங்கல், திங்கள்சந்தை பக்கம் நாங்க மூணு பேர். ஒருத்திக்கு அவசரம்னா மத்தவங்கள்ல யாருக்கு டியூட்டி இல்லையோ அவ போய் நிப்பா. அந்த நாள் சம்பளம் நின்னவளுக்கு. மூணு பேருமே டியூட்டியில இருக்கிற நேரந்தான் கஷ்டம்.

தங்கச்சி, உனக்கு இப்போ ஒரு வீடும் தெரியாது, அதனால முதல் வருஷம் ஏஜென்சியிலயே போ, வேலை படி. வீட்டுக்காரங்ககிட்ட எவ்வளவு வாங்குறாங்கன்னு முதல் நாளே கேட்டுக்கோ. கோர்ஸ் சர்டிபிகேட் ஒரிஜினலை மட்டும் எந்த ஆபீஸ்லயும் விட்டுட்டு வராதே, ஜெராக்ஸ் கொடு. என்னோட ஒரிஜினலைத் திரும்ப வாங்க நாலு மாசம் நடந்தேன்.