மல்லித் தண்ணி குடித்துக்கொண்டு நீண்ட ஓட்டம் ஓடலாமா?

கல்லடிப்பாலம்:
போன ஞாயிறு காலை 5 மணிக்குக் கல்லடியில் இருந்து கிரான்குளம் பக்கம் ஓடித் திரும்பினேன். இரண்டு மணித்தியாலம். கையில் மல்லி அவித்த தண்ணி மட்டும், 700 மில்லிலீற்றர். ஆரையம்பதி தாண்டித் திரும்பி வரும்போது கெண்டைக்கால் இரண்டும் இறுகி, காது அடைத்து, ஒரு கடை வாங்கில் குந்திவிட்டேன். போகும் முன்னும் வந்த பின்னும் எடை பார்த்திருந்தேன்: 62.4 கிலோ, 60.3 கிலோ. குறைந்த 2.1 கிலோவோடு குடித்த 700ஐயும் கூட்டினால் 2.8 லீற்றர் வியர்வை. "மூலிகைத் தண்ணிதான் நல்லது, கலர் போட்ட பானம் ஒன்றும் வேண்டாம்" என்று எனக்குச் சொன்னவர்கள் இந்தக் குழுவிலும் இருக்கிறீர்கள். விளக்கம் சொல்லுங்கள்.

உகந்தைநடை:
தம்பி, நான்தான் சொன்னேன், ஒளிக்கவில்லை. ஆடி வந்தால் உகந்தையில் இருந்து குமண, யால காட்டு வழியாகக் கதிர்காமம் நடக்கிறோம். அந்த வெயிலில் எங்களைத் தூக்கி நிறுத்துவது மல்லித் தண்ணியும் பெலிமல் என்கிற வில்வம்பூத் தேநீரும்தான். அறுபது தாண்டிய அம்மாமார் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். நீ இரண்டு மணித்தியாலத்தில் குந்திவிட்டு மல்லியைக் குறை சொல்கிறாய். வேகத்தைப் பார், தண்ணியைப் பழிக்காதே.

கல்லடிப்பாலம்:
அண்ணன், கோபிக்காதீங்க. அந்த அம்மாமார் வழியில் வேறு என்ன சாப்பிடுகிறார்கள்?

உகந்தைநடை:
அன்னதானத்தில் சோறு, பருப்பு. காலையில் உப்புக் கஞ்சி. சிலர் ஊறுகாய்ப் போத்தல் கொண்டுவருவார்கள்.

காரைதீவு_பயிற்றுநர்:
விடை அதற்குள்ளேயே இருக்கிறது அண்ணன். ஒரு லீற்றர் வியர்வையில் ஏறக்குறைய அரை முதல் ஒரு கிராம் வரை சோடியம் போகும். சமையல் உப்பாகச் சொன்னால் ஒன்றேகால் முதல் இரண்டரை கிராம். மல்லித் தண்ணியிலோ பெலிமலிலோ சொல்லும்படி சோடியம் இல்லை. உங்கள் யாத்திரைக்காரருக்கு உப்பு கஞ்சியிலும் ஊறுகாயிலும் கிடைக்கிறது, நின்று நின்று நடக்கிறார்கள், வியர்வையும் அவ்வளவு வேகமாகப் போகாது. பெருமையை மல்லி வாங்கிக்கொள்கிறது. தம்பிக்கு அந்தக் கஞ்சி இல்லை. எடையில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் இறங்கியிருக்கிறார், இரண்டு தாண்டினாலே ஓட்டம் தளரத் தொடங்கும். பிடிப்புக்கு உப்பு மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், களைத்த தசையும் பிடிக்கும். ஆனால் இரண்டு மணித்தியாலம் மாச்சத்து ஒன்றும் இல்லாமல் ஓடியதும் சேர்ந்திருக்கிறது. ஒரு மணித்தியாலம் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் சர்க்கரை வேண்டும்.

உகந்தைநடை:
அப்போ நம்ம மூலிகையில் ஒன்றுமே இல்லையா? இஞ்சியுமா?

காரைதீவு_பயிற்றுநர்:
இஞ்சியைக் கழிக்க மாட்டேன். 2010 இல் ஜோர்ஜியாப் பல்கலைக்கழக ஆய்வொன்றில் நாளுக்கு 2 கிராம் இஞ்சி 11 நாள் கொடுத்தார்கள், கடும் பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலி ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. பச்சை இஞ்சிக்கும் சூடாக்கிய இஞ்சிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அது வலிக் கணக்கு, ஓட்ட நேரக் கணக்கு இல்லை. ஓட்டத்துக்கே உதவும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது கஃபீன். அது மல்லியிலும் பெலிமலிலும் இல்லை, வெறுந்தேத்தண்ணியில் இருக்கிறது. ஆய்வுகளில் வழக்கமாகக் கொடுப்பது உடல் எடை கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 180ஆவது வேண்டும், ஒரு கப் தேத்தண்ணியில் 30, 50 தான் வரும். நாலைந்து கப் குடித்துவிட்டு ஓடினால் வயிறு என்ன சொல்லும் என்று நீங்களே யோசியுங்கள்.

இன்னொன்று. என்னிடம் ஓடும் பிள்ளைகளில் சோற்றோடு தேத்தண்ணி குடிக்கிறவர்கள் அதிகம். தேயிலையில் துவர்ப்பைக் கொடுக்கும் தனின் கீரை, பருப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது, சில மூலிகைத் தேநீரும் அப்படித்தான். தூர ஓடும் பெண்பிள்ளைக்கு இரும்பு குறைந்தால் எந்தப் பயிற்சியும் எடுபடாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கச் சொல்கிறேன். பாதிப்பேர் கேட்பதில்லை.

சம்மாந்துறைச்_சைக்கிள்:
நான் வேறு ஒரு கதை சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. போன வருடம் பொத்துவில் வரை சைக்கிள் ஓடுவதற்கு முந்திய இரவு ஒரு கடையில் "உடம்பைச் சுத்தமாக்கும்" தேநீர்ப் பை வாங்கினேன். பெட்டியில் சென்னா என்று இருந்தது. ஆவாரம்பூவும் சென்னா இனம்தானே, நம்ம ரணவராதானே என்று இரண்டு பை போட்டுக் குடித்தேன். அக்கரைப்பற்று தாண்டமுன் மூன்று தடவை சைக்கிளைச் சாத்திவிட்டுப் பற்றைக்குள் ஓடினேன். மறுகா நாட்டு வைத்தியர் ஒருவர் சொன்னார், அது நிலாவாரை, பேதி மருந்து என்று. பேதி போனால் தண்ணியும் பொட்டாசியமும் சேர்ந்து போகும். பெயர் ஒன்று, குணம் வேறு.

உகந்தைநடை:
அது கடைப்பையின் குற்றம் காக்கா. கையால் பறித்து அவித்தால் இது வருமா?

சம்மாந்துறைச்_சைக்கிள்:
கையால் பறித்ததிலும் பொறி உண்டு. தாமரைக் கொட்டையை உடைத்தால் நடுவில் ஒரு பச்சைக் குருத்து இருக்குமே, கசக்கும், அதைச் சில நாடுகளில் காயவைத்துத் தேநீர் போடுகிறார்கள். அதில் ஹிஜெனமைன் என்றொரு பொருள் இருக்கிறது. 2017 முதல் உலக ஊக்கமருந்து தடைப் பட்டியலில் பெயரோடு வந்துவிட்டது. கொக்கா இலைத் தேநீர் குடித்தால் கொக்கெய்ன் சோதனையில் மாட்டலாம். நம்ம குளத்துத் தாமரைக்காகத் தேசிய மட்டத்தில் ஓடுகிற பிள்ளை பதில் சொல்ல வேண்டி வந்தால்?

உகந்தைநடை:
சரி, தாமரையை விடுங்கள், நாங்கள் கிழங்குதான் சாப்பிடுகிறோம். ஆனால் ஒன்றை நான் விடமாட்டேன். காட்டில் விழுகிறவர்களில் உப்புக் குறைந்து விழுகிறவனைவிட ஆற்றுத் தண்ணியை அப்படியே குடித்து வயிறு போய் விழுகிறவனைத்தான் நான் கூடக் கண்டிருக்கிறேன். மல்லி போட்டால்தான் சனம் தண்ணியைக் கொதிக்க வைக்கும். வெறும் சுடுதண்ணியை யார் குடிப்பான்? வாசம் இருந்தால் கூடக் குடிப்பார்கள்.

காரைதீவு_பயிற்றுநர்:
இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூடக் குடிப்பது எப்போதும் நல்லதில்லை அண்ணன். 2002 பொஸ்டன் மரதனில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைப் பார்த்தார்கள், நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடுமளவுக்குக் குடித்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். உப்பில்லாத தண்ணி எதுவானாலும், மல்லி வாசம் இருந்தாலும், அதே கதைதான்.

கல்லடிப்பாலம்:
அப்போ இரண்டு பக்கமும் ஒரு போத்தலுக்குள் அடங்கும் போல. வரும் ஞாயிறு இப்படிச் செய்கிறேன்: ஒரு லீற்றர் மல்லித் தண்ணி, 40 கிராம் சீனி, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேசிக்காய். தாகத்துக்கு ஏற்ப, வியர்வையை மிஞ்சாமல். எடை முன்னும் பின்னும் இங்கே போடுகிறேன். காக்கா, உங்கள் தேநீர்ப் பை மட்டும் வேண்டாம்.

உகந்தைநடை:
உப்பும் புளிப்பும் மல்லியும் சேர்ந்தால் ரசம்தானே தம்பி. நாலு மிளகையும் தட்டிப் போடு, எனக்கும் ஒரு போத்தல் எடுத்து வை.