குழாயே இல்லாத முகாமில் நான்கு இரவுகள்: டிரெய்லர்த் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது?

மலைச்சாரல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே வசிக்கிறோம். வரும் மார்ச் மாதம் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவிலுள்ள ஜம்போ ராக்ஸ் முகாமில் நான்கு இரவுகள் தங்குவதற்குப் பதிவு செய்திருக்கிறோம். நானும் மனைவியும், பள்ளியில் படிக்கும் மகளும், ஊரிலிருந்து வந்திருக்கும் என் தாயாருமாக நால்வர். இதுவரை தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் இணைப்பும் உள்ள இடங்களிலேயே தங்கியதால், தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. ஜம்போ ராக்ஸிலோ குடிப்பதற்குக்கூட ஒரு குழாய் கிடையாது.

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் எங்கள் வீட்டு டிரெய்லரில் நல்ல தண்ணீர் 40 கேலன் பிடிக்கும். சிங்கிலிருந்தும் ஷவரிலிருந்தும் வடியும் நீர் சேரும் கிரே டேங்க் 30 கேலன், கழிப்பறையின் பிளாக் டேங்க் 30 கேலன். இந்த அளவு நான்கு நாள்களுக்குப் போதுமா, கூடுதலாக எவ்வளவு கொண்டுபோக வேண்டும், எங்கே நிரப்பலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வறள்நிலம்

வணக்கம். முதலில் குடிநீரையும் சமையல் நீரையும் இந்தக் கணக்கிலிருந்து பிரித்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன், அதாவது ஏறக்குறைய நான்கு லிட்டர், கொண்டுவரும்படி பூங்கா நிர்வாகமே கேட்டுக்கொள்கிறது. வெயிலில் நடப்பவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். நால்வருக்கு நான்கு நாள் என்றால் 16 கேலன். இதைத் தனிக் கேன்களில் கொண்டுபோனால், தொட்டியில் என்ன நேர்ந்தாலும் குடிக்கத் தண்ணீர் இருக்கும்.

இனி தொட்டியிலுள்ள 40 கேலன். அது சுமார் 151 லிட்டர். பலரும் நல்ல தண்ணீர் தீர்ந்துவிடுமோ என்றுதான் அஞ்சுகிறார்கள். ஆனால் இத்தகைய பயணங்களில் பெரும்பாலும் முதலில் கைவிரிப்பது கிரே டேங்க்தான். அது நிரம்பிவிட்டால் தண்ணீர் ஷவரின் அடித்தட்டில் மேலேறி நிற்கும். தேசியப் பூங்காவில் அதைத் தரையில் திறந்துவிடுவதற்குத் தடை உண்டு. பாலைவனச் செடிகளையும் அடுத்து வந்து தங்குபவர்களையும் நினைத்தால் தடை இல்லாத இடத்திலும் அதைச் செய்யலாகாது என்பதே என் கருத்து. ஆகவே உங்கள் உண்மையான வரம்பு 30 கேலன். நான்கு நாள்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 28 லிட்டர்தான் சிங்கிலும் ஷவரிலும் போகலாம். எஞ்சிய பத்து கேலன் கழிப்பறைக்கு.

நிமிடத்துக்கு இரண்டு கேலன் கொட்டும் ஷவரில் ஒருவர் ஐந்து நிமிடம் நின்றாலே 38 லிட்டர் போய்விடும். அது நால்வரின் ஒரு நாள் பங்கைவிட அதிகம். உடலை நனைத்துவிட்டு நிறுத்தி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசுவது ஒரு வழி. ஆனால் நம் வீட்டு முறையான வாளியும் குவளையும் இதைவிடச் சிறந்தது என்று உறுதியாகச் சொல்வேன். அடுப்பில் ஒரு கெட்டில் நீரைக் கொதிக்கவைத்து வாளியில் விளாவினால் ஆறு லிட்டரில் ஒருவர் நன்றாகக் குளிக்கலாம். எவ்வளவு செலவாகிறது என்பது கண்ணெதிரே தெரிவதால் யாரும் மிகையாக ஊற்ற மாட்டார்கள். ஒரு நாளைக்கு இருவர் குளிக்க, மற்ற இருவர் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டால் குளியலுக்கு 12 லிட்டரும், பாத்திரத்துக்கும் முகம் கை கழுவுவதற்கும் 16 லிட்டரும் கிடைக்கும்.

ஷவரையே பயன்படுத்துவதானால், வெந்நீர் வந்துசேரும் வரை வரும் குளிர்ந்த நீரைக் கீழே விடாதீர்கள். ஹீட்டரிலிருந்து குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீர் ஒவ்வொரு முறையும் வீணாகிறது. ஒரு கூஜாவில் பிடித்து வைத்தால் கழிப்பறைக்கோ கை கழுவவோ ஆகும்.

அடுக்களை

பாத்திரம் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் நம் சமையலில் எண்ணெயும் புளியும் மஞ்சளும் சேர்வதால் ஒரு குழம்புச் சட்டியே நான்கு தட்டுகளுக்கு ஆகும் தண்ணீரைக் குடித்துவிடும். குழம்பையும் கூட்டையும் வீட்டிலேயே செய்து உறையவைத்துக் கொண்டுபோய், முகாமில் சோறு மட்டும் வடிக்காமல் குக்கரில் வைத்தால் கழுவ வேண்டியவை பாதியாகக் குறையும்.

சாப்பிட்டவுடன், காய்வதற்கு முன்பே, தட்டையும் கரண்டியையும் காகிதத் துண்டால் வழித்துத் துடைத்துவிடுங்கள். பிறகு சோப்பு கரைத்த நீரை ஒரு தெளிப்பான் புட்டியில் வைத்துக்கொண்டு பாத்திரத்தின் மேல் தெளித்துத் தேய்த்து, சிறிய பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு லிட்டர் வெந்நீர் வைத்து ஒவ்வொன்றாக முக்கி எடுங்கள். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு கழுவும் பழக்கம் மட்டும் கூடாது. அரிசி களைந்த கழுநீரைச் சட்டியில் ஊற்றி ஊறவைத்தால் அடிப்பிடித்ததும் எண்ணெய்ப் பிசுக்கும் இளகிவிடும். அதற்கென்று தனியாக நல்ல தண்ணீர் வேண்டாம். பருக்கை எதுவும் கிரே டேங்க்குக்குள் போகாமல் சிங்கில் நெருக்கமான வடிகட்டி வையுங்கள். மூன்றாம் நாள் டிரெய்லருக்குள் எழும் துர்நாற்றத்துக்குப் பெரும்பாலும் பருக்கையும் கொழுப்பும்தான் காரணம்.

மலைச்சாரல்

இருவருக்கும் மிக்க நன்றி. கிரே டேங்க்தான் வரம்பு என்பதை நான் எண்ணிப்பார்க்கவே இல்லை. இன்னொரு ஐயம்: என் தாயார் கழிப்பறையில் தண்ணீர் இல்லாமல் காகிதம் மட்டும் பயன்படுத்தமாட்டார். அவரைச் சங்கடப்படுத்த எனக்கு மனமில்லை. அதற்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

நெடுஞ்சாலை

அம்மாவிடம் இதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்ல வேண்டாம். சிக்கனமே கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது பிளாக் டேங்க்தான். நீர் போதாவிட்டால் கழிவு கரையாமல் கழிப்பறைக்கு நேர் கீழே குவிந்து இறுகி, பின்னர் வால்வைத் திறந்தாலும் வெளியேறாது. எனவே காலி செய்த கையோடு இரண்டு மூன்று கேலன் நீரை உள்ளே ஊற்றி வைப்பதே முறை. ஒரு சிறு குவளை நீர் அந்தத் தொட்டிக்கு நன்மையே செய்கிறது. காகிதம் குறைவாக விழுவது இன்னும் நல்லது.

மேலே சொன்ன பாத்திரத் தொட்டி நீரையும் வாளிக் குளியலில் மிஞ்சுவதையும் வடிகட்டி ஒரு மூடியிட்ட வாளியில் சேர்த்துக் கழிப்பறையில் ஊற்றுங்கள். கிரே டேங்க்கில் இடம் மிஞ்சும், நல்ல தண்ணீரும் மிஞ்சும், பிளாக் டேங்க்கும் சீராக இருக்கும். நால்வருக்கு நான்கு நாளில் 30 கேலன் பிளாக் டேங்க் நிரம்புவது அரிது. அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை.

இரவிலும் வெளியே செல்லும்போதும் தண்ணீர் பம்பின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். யாரும் குழாயைத் திறக்காதபோது பம்ப் அவ்வப்போது ஓடி நின்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். சுவரிலுள்ள அளவு காட்டும் விளக்குகள் மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று மட்டுமே காட்டும். கிரே, பிளாக் டேங்க் விளக்குகளோ உணரிகளில் அழுக்குப் படிந்தால் காலித் தொட்டியையும் நிறைந்ததாகக் காட்டும். அவற்றை நம்பிக் கணக்கிடாதீர்கள்.

வறள்நிலம்

நிரப்பும் இடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பூங்காவின் முகாம்களில் பிளாக் ராக், காட்டன்வுட் இரண்டில்தான் குடிநீரும் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் வசதியும் உள்ளன. நீங்கள் யக்கா வேலி வழியாக வருவதானால் பிளாக் ராக் வசதி. ஆனால் அங்கிருந்து பூங்காவின் உட்பகுதிக்குச் சாலை கிடையாது, நெடுஞ்சாலைக்குத் திரும்பி வந்துதான் மேற்கு வாயிலுக்குச் செல்ல வேண்டும். இன்டியோ பக்கம் வழியாக வருபவர்களுக்குக் காட்டன்வுட் ஏற்றது.

வீட்டிலிருந்தே நிரப்பி வந்தால் 151 கிலோ எடையை வழி நெடுக இழுக்க வேண்டும். டிரெய்லரின் சுமை வரம்பு ஒட்டுத்தாளில் அதற்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி சக்கர அச்சுக்குப் பின்னால் இருந்தால், டிரெய்லரைக் காரோடு இணைக்கும் கொக்கியின் மேல் விழும் எடை குறைந்து வண்டி ஆடும். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கியில் இருக்க வேண்டும். ஏழு கேலன் கேன் ஒன்று 26 கிலோவுக்கு மேல் கனக்கும். உங்கள் தாயாரும் மகளும் எடுத்து ஊற்றும்படி சிறிய கேன்களாக வாங்குங்கள்.

குளிர்காலம் முழுவதும் தொட்டி சும்மா இருந்திருந்தால், கிளம்புவதற்கு முந்தைய வாரமே ஹீட்டரை பைபாஸ் செய்து (அதற்குள் நீர் போகாமல் திருப்பிவிட்டு), 15 கேலனுக்குக் கால் கப் என்ற கணக்கில் மணமில்லாத பிளீச் கலந்து நிரப்பி, எல்லாக் குழாய்களிலும் வாசனை வரும் வரை ஓடவிட்டு, ஓர் இரவு வைத்திருந்து அலசிவிடுங்கள். நிரப்புவதற்குக் குடிநீருக்கென்றே விற்கும் வெள்ளை ஹோஸைக் கொண்டுபோங்கள். கழிவு கொட்டும் இடத்தில் தொங்கும் ஹோஸ் அலசுவதற்கு மட்டுமே உரியது, அதைத் தொட்டி வாயருகே கொண்டுபோகவே வேண்டாம்.